சேருக்கு மூலம் இருந்த கதை

முதல் நாள்

கம்பஸின் வரலாற்று டிப்பார்ட்மென்டில் தேத்தண்ணி ஊற்றும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, அங்கே ஒருவருக்கு உடம்பில் பெரிய வருத்தம் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்க வேண்டாம். வன்னியில்தான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் இன்றைக்கும் என்னோடு முகம் பார்த்துக் கதைக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அச்சுத் தமிழுக்கு மாற்றுகிறாள், மாற்றட்டும். மற்ற ஆட்கள் பேசியதை மட்டும் அவரவர் வாயில் வந்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

தேத்தண்ணிக்கு என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், நான் தேயிலைத் தோட்டத்து வம்சம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதான். அப்பாவும் அம்மாவும் கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஆனால் வரும்போது நான் கைக்குழந்தை. தேத்தண்ணி ஊற்றப் பழகியது இங்கே, கூட்டுறவுச் சங்கக்கடைத் தூளில். அதை நான் இன்ரவியூவில் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

டிப்பார்ட்மென்டில் ஒரு பெரிய அறை. நடுவில் இரும்பு அலுமாரி. அலுமாரிக்கு இந்தப் பக்கம் பொன்னுத்துரை சேர், நாட்டு வரலாறு படிப்பிக்கிறவர். அந்தப் பக்கம் ஃபாதர், கிறிஸ்தவ நாகரிகம் படிப்பிக்கிறவர். அவருக்குத் தனி அறை கொடுக்க இடம் இல்லாமல் இங்கே இருத்தியிருந்தார்கள். இரண்டு பேரும் அலுமாரிக்கு மேலால் சண்டை பிடிப்பார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். முதல் நாள் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நிற்கும்போது என் காதில் விழுந்தது இது:

“ஃபாதர், உங்கட பிரச்சினை என்னெண்டா, உங்களுக்கு மூலம் இல்லை.”

“மூலம் இல்லாட்டியும் நான் நிம்மதியாத்தான் இருக்கிறன்.”

“நீங்கள் இருப்பியள்! இளந்தாரி வயசில இருந்து மூலத்தோட மாரடிக்கிறது நான்தானே. ஒரு இடத்தில இருக்கேலாது, படுக்கேலாது.”

“அதுக்காக எல்லாருக்கும் மூலம் இருக்கவேணும் எண்டு நிக்கிறதோ?”

“ஓம், இருக்கத்தான் வேணும். என்னட்டப் படிக்கிற பிள்ளையள் ஒவ்வொருத்தருக்கும் மூலம் இருக்கவேணும். அது இல்லாமல் ஒருத்தரையும் பாஸ் பண்ண விடமாட்டன்.”

எங்கள் வீட்டில் மூலம் என்றால் ஒன்றுதான், மனிதனைக் கதிரையில் இருக்க விடாத அந்த வருத்தம். கல்வெட்டு, செப்பேடு, முதன்முதல் எழுதிய பிரதி எல்லாவற்றையும் வரலாற்றுக்காரர் மூலம் என்றுதான் சொல்லுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது? என்ன மனிதன் இவர், தான் படுகிற பாட்டைப் பிள்ளைகளும் பட வேண்டும் என்கிறாரே என்று நினைத்தேன். பிறகு, பாவம், வலிதான் இப்படிக் கதைக்க வைக்கிறது என்று மனம் இளகிவிட்டது.

கரணைக்கிழங்கு

என் மனுசன் இருந்த காலத்தில் அவருக்கும் அதே வருத்தம். ஆகவே பத்தியம் எனக்குப் பாடம். அடுத்த நாளே தொடங்கினேன். சேரின் தேத்தண்ணியில் சாயத்தைக் குறைத்தேன். அவர் கதிரையில் இலவம்பஞ்சுத் தலகாணி ஒன்றை வைத்தேன். மத்தியானத்துக்கு என் குசினியிலிருந்து மிளகாய்த்தூள் குறைத்த கரணைக்கிழங்குக் கறி கொண்டுபோனேன். சேர் ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டார். ஒரு கிழமை போன பிறகுதான் கேட்டார்.

“ஆச்சி, என்ன நெடுகக் கரணைக்கிழங்கு?”

“உடம்புக்கு நல்லது சேர்.”

“ஆற்ற உடம்புக்கு?”

“உங்கட உடம்புக்குத்தான்.”

“அப்ப ஃபாதருக்கும் குடுக்கிறதுதானே?”

“அவருக்கு என்னத்துக்கு? அவருக்குத்தான் இல்லையே.”

“என்ன இல்லை?”

நான் கேத்தில் கழுவப் போய்விட்டேன். ஆம்பிளையளோடு கதைக்கிற விசயமா இது?

கிழங்கு மட்டும் போதாது, துத்தி இலையும் வேண்டும். எங்கள் பியோன் சிவம் பூவரசங்குளத்து ஆள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சிவம், உங்கட வளவில துத்தி நிக்குதோ?”

“வேலியோரம் காடா நிக்குது. ஆருக்கு?”

“ஆருக்கெண்டு கேக்காதை.”

“ஆருக்கெண்டு தெரியாமல் நான் என்னண்டு புடுங்கிறது?”

இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

“சேருக்குத்தான். மூலம். உனக்கு மட்டும்தான் சொல்லுறன்.”

“என்ர பிள்ளையள் மேல சத்தியம் ஆச்சி, வாய் திறக்கமாட்டன்.”

அவனுக்குக் கலியாணமே ஆகவில்லை என்பது எனக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் ஞாபகம் வந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். லைப்ரரியில் வேலை செய்கிற பிள்ளை என்னிடம் ஓடி வந்தாள்.

“ஆச்சி, தெரியுமே? பொன்னுத்துரை சேருக்குக் கொழும்பில ஒப்பரேசனாம். இரத்தமும் ஏத்தினதாம்!”

நான் சிவத்துக்குச் சொன்னதில் ஒப்பரேசன் இல்லை, இரத்தம் இல்லை. ஆகவே இது வேறு யாரோ நேரில் கண்டு சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். நான் நினைத்தது சரியாகப் போயிற்று! போதாததற்குச் சேரும் அந்தக் கிழமைதான் “நாளைக்குக் கொழும்புக்குப் போறன் ஆச்சி, மூலத்தைப் பாக்கவேணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பழைய சுவடிகள் வைத்திருக்கிற இடத்துக்குப் போனாராம். எனக்கு அது ஆஸ்பத்திரி.

அவர் திரும்பி வந்ததும் காலைச் சாப்பாட்டோடும் கரணைக்கிழங்கு போட்டேன்.

சுகந்தி மிஸ்

இனித்தான் சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் எங்கள் மலைநாட்டு வம்சம்தான், ஜெயபுரத்துப் பிள்ளை. என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாள். கம்பஸில் எல்லாருக்கும் சுகந்தி மிஸ், எனக்குப் பிள்ளை. வரலாற்று டிப்பார்ட்மென்டில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால், ஒவ்வொரு முறையும் தவணை முடியும்போது இனிக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பது. அந்த முறை ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. தவணை முடிவதற்கு முன் இன்ரவியூ. அதில் பெரிய ஆட்களுக்கு முன்னால் ஒரு மாதிரி விரிவுரை செய்து காட்ட வேண்டும். கிடைத்தால் கம்பஸ், கிடைக்காவிட்டால் ஜெயபுரம்.

“அம்மா அங்க மாப்பிள்ளை பாத்திட்டா ஆச்சி. ட்ரக்டர் வச்சிருக்கிறாராம்.”

“ஆள் எப்பிடி?”

“ட்ரக்டரைப் பற்றி மட்டும்தான் சொன்னவா.”

விரிவுரைக்குத் தலைப்பு, நாட்டு வரலாறு படிப்பிக்கிறபோது வேதாகமத்தைப் போன்ற வேத நூல்களை மூலமாக எடுக்கலாமா என்பது. அலுமாரிக்கு இரண்டு பக்கமும் இருந்து சண்டை பிடித்துத்தான் அந்தத் தலைப்பையே கொடுத்தார்கள். இரண்டு பேரும் இன்ரவியூவில் மார்க்ஸ் போடப் போகிறவர்கள். அந்தச் சண்டையை நான் ரேடியோ நாடகம் மாதிரிக் கேட்டேன், கிளாஸ் கழுவுகிற சாட்டில்.

“இயேசுவைக் கண்ட ஆள் தன்ர கையால எழுதினது எங்க? காட்டுங்கோ ஃபாதர். எல்லாம் பிறகு எழுதினது, அதைப் பாத்துக் கொப்பி பண்ணினது, அந்தக் கொப்பியைப் பாத்தும் கொப்பி பண்ணினது.”

“ஓம், கொப்பிதான். ஆனா எத்தினை கொப்பி! ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டை வச்சுப் பாத்தா எவன் பிழை விட்டவன் எண்டு பிடிக்கலாம். நீங்கள் படிப்பிக்கிற ராசாக்களின்ர கதை மட்டும் என்னவாம்? அதை எழுதினவர் ராசாவின்ர கலியாண வீட்டில சாப்பிட்டவரோ?”

“அதையும் நான் நம்பச் சொல்லேல்லையே! சிங்கள ராசா எண்டாலும் தமிழ் ராசா எண்டாலும் உரசிப் பாத்துத்தான் எடுக்கச் சொல்லுறன்.”

“எங்களுக்கு நாலு நற்செய்தி இருக்கு. நாலு சாட்சி.”

“நாலு பேரும் தனித்தனியக் கேட்டு எழுதினவையோ, இல்லாட்டி ஒருத்தரைப் பாத்து மற்றவர் எழுதினவரோ? முதல் அதைச் சொல்லுங்கோ!”

பிறகு இரண்டு பேரும் சுகந்தியைத் தனித்தனியே பிடித்தார்கள். நம்பலாம் என்று சொன்னால் தான் மார்க்ஸ் போடமாட்டேன் என்றார் சேர். நம்பேலாது என்று சொன்னால் தான் போடமாட்டேன் என்றார் ஃபாதர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார். பிள்ளை வீட்டுக்கு வந்து என் கோழிகளுக்கு முன்னால் நின்று விரிவுரை பழகினாள். ஒரு நாள் நம்பலாம், ஒரு நாள் நம்பேலாது. கோழிகளுக்கு இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

வட்ட மெத்தை

இன்ரவியூ அன்று கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கம்பஸ் வாகனம்தான் வவுனியா ஸ்டேசனில் போய் ஏற்றி வந்தது. நல்ல குணமான மனிதர். வந்ததும் வராததுமாக ஒரு பார்சலைத் தூக்கிப் பொன்னுத்துரை சேரின் கையில் கொடுத்தார்.

“வெக்கப்படாதேங்கோ. வழியில பார்மசியில நிப்பாட்டி வாங்கினனான்.”

சேர் பிரித்தார். உள்ளே ரப்பரால் செய்த, காற்றடிக்கிற வட்ட மெத்தை. நடுவில் ஓட்டை.

“இது என்ன?”

“இருக்கிறதுக்குத்தான். ஒப்பரேசனுக்குப் பிறகு இதுதான் சுகம். எனக்கும் ஒருக்கால் செய்தது.”

“என்ன ஒப்பரேசன்? ஆருக்கு ஒப்பரேசன்?”

“மூலத்துக்கு...”

ஃபாதர் மெதுவாகச் சேரின் தோளைத் தொட்டார். “நானும் உங்களுக்காகச் செபிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

“நீங்களுமோ!” சேரின் முகம் இரத்தச் சிவப்பு. “ஆர் சொன்னது? எந்த விசரன் இந்தக் கதையைக் கட்டினவன்? இண்டைக்கு ஒருத்தற்ற விரிவுரையையும் கேக்கிற மனநிலையில நான் இல்லை. இன்னொரு நாளைக்கு வைப்பம்!”

சுகந்தி கரும்பலகைக்குப் பக்கத்தில் கையில் சோக்கோடு நின்றாள். தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். இன்னொரு நாள் என்றால் அவளுக்கு அது இல்லாத நாள். நான் தேத்தண்ணித் தட்டை வைத்தால் சத்தம் வரும் என்று பயந்து வைக்காமலே நின்றேன்.

“சேர்,” என்றாள் சுகந்தி. குரல் நடுங்கியது. “ஒரு நிமிஷம். என்ர விரிவுரையே இதுதான்.”

“எது?”

“இப்ப இந்த அறைக்குள்ள ஒரு வரலாற்றுச் செய்தி நிக்குது. பொன்னுத்துரை சேருக்கு மூலவருத்தம். உண்மையோ பொய்யோ எண்டு சேரிட்டக் கேக்காமல் கண்டுபிடிப்பம். செத்துப்போன ராசாவிட்டப் போய் நாங்கள் கேக்கேலாதுதானே.”

“நான் இன்னும் சாகேல்லை!”

பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு, “விடுங்கோ பொன்னுத்துரை, பிள்ளை நடத்தட்டும்” என்றார்.

சுகந்தி பலகையில் பெயர்களை எழுதத் தொடங்கினாள். முதலில் பேராசிரியரைக் கேட்டாள். “சேர், உங்களுக்கு ஆர் சொன்னது?”

“என்னை ஏத்திக்கொண்டு வந்த றைவர்.”

“ஃபாதர், உங்களுக்கு?”

“லைப்ரரிப் பிள்ளை. அவளுக்குச் சிவம் சொன்னவனாம்.”

“சிவம் அண்ணை, றைவருக்குச் சொன்னதும் நீங்களோ?”

சிவம் வாசலில் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். “ஓம் மிஸ். ஆனா எனக்கும் ஒராள் சொன்னதுதான்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். சத்தியத்துக்குப் பிள்ளைகள் இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பதற்றம் வந்தால் தாய் தகப்பனின் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

“நான் கண்ணால பாக்கலீங்க. காதாலதான் கேட்டேங்க.”

“என்ன கேட்டனீங்கள் ஆச்சி? அந்தச் சொல்லையே சொல்லுங்கோ.”

சொன்னேன். சேரின் குரலுக்குச் சேரின் குரல், ஃபாதரின் குரலுக்கு ஃபாதரின் குரல். உங்களுக்கு மூலம் இல்லை என்றதில் தொடங்கி, இளந்தாரி வயதில் இருந்து மாரடிக்கிறது, இருக்கேலாது படுக்கேலாது, மூலம் இல்லாத பிள்ளையைப் பாஸ் பண்ண விடமாட்டேன் என்றது வரைக்கும். சொல்லி முடித்ததும் சேர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“அப்ப அந்தக் கரணைக்கிழங்கு?”

“மூலத்துக்குத்தாங்க.”

பேராசிரியர் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்குவதுதான் தெரிந்தது. ஃபாதர் எழும்பியே நின்றுவிட்டார்.

“பாத்தியளோ! ஒரு சொல் மாறேல்லை! வாயால வந்த செய்தியை நம்பேலாது எண்டனீங்களே, அப்பிடியே காப்பாத்தி வச்சிருக்கிறா!”

“சொல் மாறேல்லைத்தான். விளங்கினது அடியோட பிழை! இதைத்தானே ஃபாதர் நானும் இவ்வளவு நாளாச் சொல்லுறன்!”

“ரெண்டு பேரும் சரி,” என்றாள் சுகந்தி. இப்போது குரல் நடுங்கவில்லை. “மூண்டு பேர் சொன்னதால மூண்டு சாட்சி எண்டு நினைச்சம். பின்னால போய்ப் பாத்தா ஒரு ஆள்தான், ஆச்சி. ஒப்பரேசனும் இரத்தமும் வழியில ஏறினது. அதைக் கழிச்சா ஆச்சி கேட்ட சொல் வருது. அந்தச் சொல் சரி. ஆனா அதை ஆர் ஆருக்கு, எதைப் பற்றிச் சொன்னவர் எண்டு தெரியாட்டிக் கருத்துக் கவிண்டு போகும். வேதாகமத்தையும் ராசாக்களின்ர கதையையும் இப்பிடித்தான் வாசிக்கவேணும். நம்பலாமோ எண்டு கேக்க முதல், ஆர் கேட்டது, எந்த வாசல்ல நிண்டு கேட்டது எண்டு கேக்கவேணும்.”

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் இப்போது பகிடிச் சிரிப்பு இல்லை.

“சரி மிஸ். எழுத்தில ஒண்டுமே இல்லாத இடத்தில நாட்டு வரலாற்றை என்னண்டு படிப்பிப்பியள்?”

சுகந்தி கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தாள்.

“என்ர பிறப்புச் சேட்டிபிக்கற்றே யுத்தத்தில நாங்கள் ஓடேக்க எங்கயோ விழுந்திட்டுது சேர். எங்கட பக்கத்தில கடதாசி மிஞ்சேல்லை, ஆக்கள்தான் மிஞ்சினது. ஆக்களிட்டக் கேக்கிறது எப்பிடி எண்டு பழகாட்டி எங்களுக்கு வரலாறே இல்லை. ஆச்சி பிழையா விளங்கினா எண்டு சிரிக்கலாம். ஆனா ஆச்சியிட்டக் கேட்டபடியால்தானே உண்மை வந்தது.”

அப்போதுதான் நான் தட்டை வைத்தேன், எல்லாக் கிளாஸும் கிணுகிணு என்றது. தேத்தண்ணி பச்சைத்தண்ணியாக ஆறிப் போயிருந்தது. அதையும் குடித்தார்கள்.

எழும்பும்போது சேர் அந்த மெத்தையைப் பேராசிரியரிடம் நீட்டினார். “எனக்குத் தேவையில்லை.”

“அப்ப தாங்கோ, எனக்கு உதவும். நான் இன்னும் மூலத்தோடதான்.”

“எந்த மூலம் சேர்?” என்று ஃபாதர் கேட்டார்.

“ரெண்டும்.”

கற்றுக்கொண்டது

சேர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று, “ஆச்சி, இண்டைக்குக் கரணைக்கிழங்கு இல்லையோ?” என்று கேட்டார். வருத்தம் இல்லாத ஆளுக்கும் அந்தக் கறி பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபாதருக்கும் சேர்த்தே கொண்டுபோகத் தொடங்கினேன். சண்டை மட்டும் நிற்கவில்லை. இப்போது அவர்கள் மூலம் என்று சொல்ல முதல் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நான் நின்றால் “மூலாதாரம்” என்று முழுதாகச் சொல்லுவார்கள்.

கம்பஸில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெரிய ஆட்கள் ஒரு சொல்லைச் சொன்னால், அவர்களுடைய புழக்கத்தில் அதற்கு என்ன கருத்து என்று முதலில் கேளுங்கள். துத்தி இலை பிடுங்குவது பிறகு. படித்த ஆட்களிடம் கேட்க வெட்கமாக இருக்கும். கேட்காமல் விட்டால் அதைவிட வெட்கமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

நான் இப்போது கேட்கப் பழகிவிட்டேன். இன்ரவியூ முடிந்து தவணையின் கடைசி நாட்கள். முன்னறையில் சுகந்தியின் பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது. அன்று நான் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்க, செருப்பும் போடாமல் ஓடி வந்தாள்.

“ஆச்சி! நிரந்தரமாக்கிப்போட்டினம்!”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் நான் அடுப்பை நிற்பாட்டினேன். அவளைக் கதிரையில் இருத்தினேன்.

“பொறு பிள்ளை. நிரந்தரம் எண்டா என்ன?”

“என்ன ஆச்சி, நிரந்தரம் எண்டா நிரந்தரம்தான்.”

“உங்கட வரலாற்று ஆக்களிட்ட அதுக்கு வேற கருத்து ஒண்டும் இல்லையே? நான் பிறகு ஒராளிட்டயும் பிழையாச் சொல்லக்கூடாது.”

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“இல்லை ஆச்சி. இனி என்னை ஒருத்தரும் போகச் சொல்லேலாது எண்டு கருத்து.”

மலைநாட்டிலிருந்து ஓடி வந்த என் அப்பாவுக்கோ, வன்னிக்குள்ளேயே ஓடித் திரிந்த எங்களுக்கோ இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பிழையாக விளங்கிவிடக் கூடாதே என்று, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.